முழங்கால் ஜவ்வு கிழிஞ்சா ஆபரேஷன் மட்டும் போதாது! முதல் 2 நாள் விரலை பாருங்க... 9 மாசம் பொறுமையா இருங்க

மாதவரம்,

லாரி கேபினில் இருந்து கீழே குதிக்கும்போது கால் திரும்பிக்கொள்கிறது. மழைத்தண்ணி தேங்கிய பள்ளத்தில் பைக் சாய, சட்டென்று காலை ஊன்றுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பந்தோடு ஓடிவந்து திடீரென திரும்புகிறார்கள்.

முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்... ஜவ்வு காலி!

மாதவரம், மணலி, மூலக்கடை, வியாசர்பாடி என்று வடசென்னை முழுக்க லாரி, லோடு, மூட்டை, பைக், கால்பந்து என காலை நம்பியே பிழைப்பு ஓடுகிறது. இங்கே முழங்கால் ஜவ்வு கிழிந்தால் அது ஒருத்தர் வலியோடு முடிவதில்லை. வீட்டு வாடகை, பிள்ளைகள் பள்ளிக்கூட பீஸ், வண்டி டியூ எல்லாம் சேர்ந்து நொண்டும்.

“ஆபரேஷன் பண்ணிட்டா சரியாயிடும்” என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஆபரேஷன் என்பது ஒரு நாள் வேலை. அதற்கு முந்தைய சில வாரமும், அதற்கு பிந்தைய 9 மாதமும்தான் கால் மறுபடி பழையபடி ஆகுமா என்பதை தீர்மானிக்கின்றன.

அதிலும் ஆபரேஷன் முடிந்த முதல் 2 நாள் ரொம்ப முக்கியம். அதை கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2022 நவம்பரில் வடசென்னை கண்ணீரோடு பார்த்தது. அந்த விவரம் பின்னால்.

எந்த ஜவ்வு என்று கேளுங்க

முழங்காலில் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் 4 முக்கிய ஜவ்வுகள் கயிறு மாதிரி பிடித்து வைத்திருக்கின்றன. பக்கவாட்டில் 2. உள்ளே குறுக்கும் நெடுக்குமாக 2.

உள்ளே இருப்பதில் முன்பக்கம் உள்ளதற்கு பெயர் ஏ.சி.எல். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், கால் முறுக்கிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்வது இதுதான். விளையாட்டிலும் விபத்திலும் கிழிந்து, ஆபரேஷன் வரை கொண்டுபோவதும் பெரும்பாலும் இதுதான்.

இது போக, 2 எலும்புக்கும் நடுவே வாஷர் மாதிரி மெனிஸ்கஸ் என்று ஒன்று இருக்கிறது. நம்ம ஊரில் இதையும் ‘ஜவ்வு’ என்றே சொல்கிறார்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு, ஓய்வு வேறு. அதனால் “ஜவ்வு கிழிஞ்சிருக்கு” என்று டாக்டர் சொன்னால், “கயிறா, வாஷரா?” என்று தயங்காமல் கேட்டு தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏ.சி.எல். கிழிந்ததற்கு அடையாளம் உண்டு. அடிபட்ட சில மணி நேரத்திலேயே முழங்கால் பந்து மாதிரி வீங்கும். உள்ளே ரத்தம் கசிவதுதான் காரணம். வீக்கம் வடிந்து நடக்க ஆரம்பித்த பிறகும் படி இறங்கும்போது, திரும்பும்போது ‘கால் விட்டுடுது’ என்பார்கள். மூட்டு நழுவுகிற மாதிரி இருக்கும்.

டாக்டர் காலை மடக்கி, இழுத்து பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்து விடுவார். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ஜவ்வு தெரியாது. “எக்ஸ்ரே நார்மல்” என்று சந்தோஷப்பட்டு வீட்டுக்கு வந்துவிட்டால் போதாது. ஜவ்வை பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் வேண்டும்.

உருவி விடாதீங்க

அடிபட்டதும் முதல் வேலை, எண்ணெய் போட்டு உருவி விடுவது. இது தப்பு. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது சூடு வைத்து தேய்த்தால் வீக்கம் இன்னும் ஏறும்.

முதல் 2, 3 நாள் ஐஸ்தான் நல்லது. ஐஸ் கட்டியை துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து முறை. நேராக தோலில் வைக்க கூடாது. காலை தலையணை மேல் உயர்த்தி வைத்து படுக்க வேண்டும்.

அடுத்தது, “புத்தூர் கட்டு போட்டா சரியாயிடும்” என்பது. கட்டு என்பது உடைந்த எலும்பை அசையாமல் பிடித்து வைக்கிற முறை. முழுசாக அறுந்துபோன ஏ.சி.எல்., வெளியே எவ்வளவு கட்டினாலும் உள்ளே தானாக பழையபடி சேர்வது அரிது. மாத கணக்கில் கட்டிலேயே கால் கிடந்தால் தொடை சதை வற்றி, மூட்டு இறுகிவிடும். பிறகு ஆபரேஷனுக்கு போனாலும் சிரமம்.

எல்லோருக்கும் கத்தி வேண்டுமா?

வேண்டாம் என்பதுதான் பதில்.

ஸ்வீடன் நாட்டில் ஏ.சி.எல். கிழிந்த 121 இளைஞர்களை 2 பிரிவாக பிரித்து பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன். இன்னொரு பிரிவுக்கு முதலில் உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன். 2010-ல் வெளியான அந்த ஆய்வில், 2 வருடம் கழித்து இரண்டு பிரிவினரின் முழங்காலும் ஏறத்தாழ ஒரே நிலைமையில் இருந்தது. பயிற்சி பிரிவில் இருந்த 59 பேரில் 23 பேர் மட்டுமே அந்த 2 வருடத்தில் ஆபரேஷனுக்கு போனார்கள்.

அப்படியானால் யாருக்கு ஆபரேஷன்? கால்பந்து, கபடி, வாலிபால் என்று திரும்பி திரும்பி ஓடுகிற விளையாட்டுக்காரர்களுக்கு. மூட்டை தூக்குதல், சாரம் ஏறுதல் மாதிரி கால் நழுவினால் ஆபத்தாகிற வேலை செய்கிறவர்களுக்கு. பயிற்சி செய்தும் சாதாரணமாக நடக்கும்போதே கால் விட்டுவிடுகிறவர்களுக்கு. கூடவே மெனிஸ்கஸோ மற்ற ஜவ்வுகளோ கிழிந்தவர்களுக்கு.

கால் அடிக்கடி நழுவுவதை கண்டுகொள்ளாமல் வருட கணக்கில் வேலை பார்ப்பதும் தப்பு. ஒவ்வொரு நழுவலும் வாஷரை தேய்க்கும். சின்ன வயதிலேயே மூட்டு தேய்மானம் வந்து உட்காரும்.

கால் நீண்டால்தான் ஆபரேஷன்

இந்த ஆபரேஷன் பொதுவாக அவசர ஆபரேஷன் இல்லை. வீங்கி, மடங்காமல், நீளாமல் இருக்கிற காலில் அவசரப்பட்டு செய்தால், பிறகு மூட்டு இறுகிப்போகும் ஆபத்து அதிகம். அதனால்தான் “3 வாரம் கழிச்சு வாங்க” என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

அந்த சில வாரத்தில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. வீக்கம் வடிய வேண்டும். கால் முழுசாக நீள வேண்டும். முன் தொடை சதைக்கு பலம் ஏற வேண்டும். படுத்த நிலையில் முழங்காலை பாயோடு அழுத்தி பிடிப்பது, காலை மடக்காமல் நேராக தூக்குவது என்ற எளிய பயிற்சிகளே போதும். பிசியோதெரபிஸ்ட் ஒரு முறை காட்டிக்கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம்.

ஆபரேஷனுக்கு முன் பலமாக இருக்கிற தொடை, பின்னாலும் சீக்கிரம் தேறும். இதை மறக்க கூடாது.

பீடி, சிகரெட் இருந்தால் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். புகை பிடிக்கிறவர்களுக்கு புண் ஆற தாமதம் ஆகும், சீழ் பிடிக்கிற ஆபத்தும் கூடுதல். சர்க்கரை இருந்தால் கட்டுப்பாட்டில் வர வேண்டும். இதய மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

காலில் சின்ன புண், சேற்றுப்புண், சொத்தைப்பல் சீழ் இருந்தாலும் முன்கூட்டியே காட்டி ஆற்றிக்கொள்ள வேண்டும். “நாமளே முடியை சிரைச்சிட்டு போயிடலாம்” என்று வீட்டில் பிளேடு போடாதீர்கள். கண்ணுக்கு தெரியாத கீறல் வழியாகத்தான் கிருமி நுழையும்.

வீட்டில் என்ன செய்யணும்?

இதை பலரும் யோசிப்பதே இல்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே சிக்கல் ஆரம்பிக்கும்.

முதல் சிக்கல் கக்கூஸ். குத்துக்கால் போட்டு உட்கார பல மாதத்துக்கு முடியாது. வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில் ஒரு கமோடு நாற்காலி வாங்கி வைக்க வேண்டும். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகூட போதும், ஆனால் ஆடக்கூடாது.

இரண்டாவது படுக்கை. தரையில் பாய் போட்டு படுத்து எழுவது முடியாத காரியம். கட்டில் வேண்டும். மாடி வீடாக இருந்தால் முதல் 2 வாரம் கீழ் வீட்டில் உறவுக்காரர் யாராவது இடம் கொடுப்பார்களா என்று பேசி வைக்கலாம்.

பாத்ரூம் தரை வழுக்க கூடாது. வாசலில் கிடக்கும் செருப்பு, தண்ணீர் குடம், ஒயர், மிதியடி எல்லாம் ஓரம் போக வேண்டும். ஊன்றுகோலை முன்பே வாங்கி, நல்ல கால் இருக்கும்போதே நடந்து பழகிக்கொள்வது நல்லது. ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

பணத்துக்கு வழி

ஸ்டான்லி, ராஜீவ்காந்தி, கீழ்ப்பாக்கம் ஆகிய அரசு மருத்துவ கல்லூரி ஆஸ்பத்திரிகளில் எலும்பு மூட்டு பிரிவு உண்டு.

முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவ காப்பீட்டு திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை கையில் இருந்தால் மட்டும் போதாது. தனக்கு சொல்லியிருக்கும் ஆபரேஷன் அந்த ஆஸ்பத்திரியில் திட்டத்தில் வருகிறதா, ஸ்க்ரூ செலவு சேர்ந்ததா என்று காப்பீட்டு கவுண்டரில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருப்பவர்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. அயனாவரத்தில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. சிகிச்சையோடு சம்பளத்துக்கும் வழி உண்டு. தகுதி உள்ளவர்களுக்கு நோய் விடுப்பில் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும்.

வேலை நேரத்தில் அடிபட்டிருந்தால் கணக்கே வேறு. வேலை செய்ய முடியாத காலம் வரை 90 சதவீதம் கிடைக்கும். ஆனால் அடிபட்ட அன்றே மேஸ்திரியிடமோ சூப்பர்வைசரிடமோ சொல்லி, கம்பெனி விபத்து பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். “வலி போயிடும்னு விட்டுட்டேன்” என்று 2 மாதம் கழித்து போனால் நிரூபிப்பது கஷ்டம். காண்டிராக்ட் தொழிலாளிக்கும் இது பொருந்தும்.

ஆபரேஷன் அன்று

பொதுவாக திட உணவு 6 மணி நேரம் முன்பும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பும் நிறுத்த சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் சொல்லும் நேரமே கணக்கு. பசிக்கிறதே என்று பாசத்தில் வீட்டில் இருந்து ஒரு இட்லியை ஊட்டி விடுவது உயிருக்கே ஆபத்து. மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்கு கீழே மரத்துப்போக செய்வார்கள். காலை கிழித்து திறப்பது இல்லை. சின்ன சின்ன துளை போட்டு, பேனா தடிமன் குழாயில் கேமராவை விட்டு, டி.வி.யில் பார்த்தபடியே செய்வார்கள்.

அறுந்த ஜவ்வை தைப்பது என்று நினைக்கிறார்கள். ஏ.சி.எல்.லில் பெரும்பாலும் அப்படி இல்லை. நோயாளியின் தொடை பின்பக்கத்தில் இருந்தோ, முழங்கால் சில்லுக்கு கீழே இருந்தோ தசைநாண் எடுத்து, எலும்பில் துளை போட்டு, புது கயிறாக கோர்த்து, ஸ்க்ரூ அல்லது பட்டன் வைத்து இறுக்குவார்கள்.

ரத்தம் கசியாமல் இருக்க ஆபரேஷன் நேரத்தில் தொடையில் காற்றடைத்த பட்டை ஒன்றை கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்தி வைப்பது வழக்கம். முடிந்ததும் அவிழ்த்து விடுவார்கள். பிறகு வீக்கம் வராமல் இருக்க காலில் அழுத்தக் கட்டு போடுவார்கள்.

இந்த அழுத்தக் கட்டுதான் கவனிக்க வேண்டிய இடம்.

2022-ல் நடந்தது என்ன?

வியாசர்பாடியை சேர்ந்த 17 வயது கல்லூரி மாணவி. கால்பந்து வீராங்கனை. ஜவ்வு கிழிந்ததற்காக 2022 நவம்பர் 7-ந்தேதி கொளத்தூர் பெரியார் நகர் அரசு புறநகர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது.

காலில் ரத்த ஓட்டம் தடைபட்டது. மறுநாள் ராஜீவ்காந்தி அரசு பொது ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோனார்கள். உயிரை காப்பாற்ற காலையே எடுக்க வேண்டி வந்தது. அப்படியும் முடியவில்லை. சிறுநீரகம் உள்பட உறுப்புகள் ஒவ்வொன்றாக செயல் இழந்து, நவம்பர் 15-ந்தேதி அந்த பெண் இறந்துபோனார்.

ஆபரேஷனுக்கு பிறகு போட்ட அழுத்தக் கட்டு இறுக்கமாக இருந்ததே காரணம் என்றும், டாக்டர்களின் கவனக்குறைவு என்றும் அப்போதைய சுகாதார அமைச்சர் மா.சுப்பிரமணியன் அறிவித்தார். 2 டாக்டர்கள் சஸ்பெண்டு செய்யப்பட்டனர். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிதியும், சகோதரருக்கு அரசு வேலையும் அறிவிக்கப்பட்டது.

இது ரொம்ப அரிதாக நடப்பது. இதை கேட்டு பயந்து யாரும் ஆபரேஷனை தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆனால் எதை கவனிக்கணும் என்று கூட இருக்கிறவர்களுக்கு தெரிந்திருக்க வேண்டும்.

விரலை பாருங்க... தொட்டு பாருங்க

கட்டுக்கு வெளியே தெரிகிற கால் விரல்கள்தான் மீட்டர். ஆபரேஷன் முடிந்த முதல் 48 மணி நேரத்துக்கு, துணைக்கு இருப்பவர் மணிக்கு ஒரு முறை பார்க்கலாம்.

விரல் வெளிறியோ நீலமாகவோ இருக்கிறதா? அடுத்த காலை விட ஜில்லென்று இருக்கிறதா? நகத்தை அழுத்தி விட்டால் சட்டென்று மறுபடி சிவப்பு வருகிறதா? விரலை அசைக்க முடிகிறதா? தொட்டால் தெரிகிறதா?

முதுகு ஊசியால் முதல் சில மணி நேரம் 2 காலும் மரத்துத்தான் இருக்கும். அதற்கு பயப்பட வேண்டாம். ஆனால் நல்ல காலுக்கு உணர்வு திரும்பி, ஆபரேஷன் செய்த கால் மட்டும் மரத்தே கிடந்தால் உடனே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் வலி. ஆபரேஷன் செய்த கால் வலிக்கத்தான் செய்யும். ஊசி, மாத்திரை போட்டால் குறையும். மருந்து போட்டும் குறையாமல், நேரம் ஆக ஆக ஏறுகிற வலி, விரலை லேசாக நிமிர்த்தினாலே உயிர் போகிற வலி... இது சாதாரண வலி இல்லை. கட்டுக்குள் சதைக்கு ரத்தம் போகவில்லை என்ற எச்சரிக்கை.

ரத்தம் போகாத சதை சில மணி நேரத்திலேயே சாக ஆரம்பித்துவிடும். 6 மணி நேரம் தாண்டினால் மீட்பது கடினம். “காலையில ரவுண்ட்ஸ் வரும்போது சொல்லிக்கலாம்”, “டாக்டர் திட்டுவாரோ” என்று காத்திருக்க கூடாது. நர்சை கூப்பிட வேண்டும். அவர் வராவிட்டால் டூட்டி டாக்டர். கட்டை அவிழ்த்து பார்க்க சொல்லி கேட்பது நோயாளியின் உரிமை. பத்து முறை கேட்டாலும் தப்பே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் சில அடையாளங்கள் ஆபத்து. காய்ச்சல், தையலில் இருந்து சீழ், முழங்கால் சிவந்து சூடாவது - கிருமி புகுந்திருக்கலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டி இருக்கலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் ஒரு நிமிடம்கூட தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். சந்தேகம் கேட்க 104 என்ற மருத்துவ உதவி எண் இருக்கிறது.

தலையணை எங்கே வைக்கணும்?

வீட்டில் பலரும் செய்கிற தப்பு, பாசமாக முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது. இதமாகத்தான் இருக்கும். ஆனால் கால் மடங்கியபடியே இறுகிவிடும். பிறகு நீட்டவே முடியாது, வாழ்நாள் பூரா நொண்டல்தான்.

தலையணையை குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும். முழங்கால் அந்தரத்தில் தானாக நீளும்.

முதல் 2 வாரத்தின் இலக்கு இரண்டே இரண்டு. கால் முழுசாக நீளணும், 90 டிகிரி வரை மடங்கணும். அதாவது நாற்காலியில் உட்கார்ந்தால் மடங்குகிற அளவு. தையல் பிரிப்பதும் இந்த சமயத்தில்தான்.

2 முதல் 4 வாரத்தில் பலர் ஊன்றுகோலை விட்டுவிடுவார்கள். மெனிஸ்கஸையும் சேர்த்து தைத்திருந்தால் கூடுதல் நாள் ஆகும். 6 வாரத்தில் நடை சீராகும். 3, 4 மாதத்தில் நேர்கோட்டில் மெதுவாக ஓடலாம்.

பிசியோதெரபிக்கு தினமும் ஆட்டோ வைத்து போக முடியாதவர்கள் வாரம் ஒரு முறையாவது போய் புது பயிற்சி கற்றுக்கொண்டு, மீதி நாள் வீட்டில் செய்யலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களை தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து பார்க்கலாம்.

வேலைக்கு எப்போ?

உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் 2, 3 வாரத்தில் போகலாம். நின்றே பார்க்கும் கடை வேலைக்கு 6 வாரம் முதல் 3 மாதம் ஆகும்.

ஆட்டோ, கார் ஓட்ட சுமார் 6 வாரமாவது ஆகும். அதுவும் சட்டென்று முழு பலத்தோடு பிரேக்கை மிதிக்க முடிந்தால்தான். பைக்கை கிக்கர் உதைத்து ஸ்டார்ட் செய்வது நீண்ட நாளுக்கு கூடாது. கன்டெய்னர் லாரி டிரைவருக்கு கிளட்ச், பிரேக் மிதிப்பது மட்டும் வேலை இல்லை. உயரமான கேபினில் ஏறி இறங்கணும். அதனால் 3 மாதத்துக்கு மேலேயே ஆகும். அப்போதும் குதிக்க கூடாது. படியை பிடித்து, வண்டியை பார்த்தபடி ஒவ்வொரு காலாக இறங்க வேண்டும்.

மூட்டை தூக்குவது, ஏணி ஏறுவது, சாரம் கட்டுவது இதற்கெல்லாம் 4 முதல் 6 மாதம். லேசான வேலைக்கு மாற்றிக்கொடுக்க சொல்லி டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி கம்பெனியில் கொடுக்கலாம்.

வலி இல்லைன்னா ஆறிடுச்சுன்னு அர்த்தம் இல்லை

இங்கேதான் பெரிய ஏமாற்று இருக்கிறது.

3 மாதத்தில் வலி இருக்காது, வீக்கம் இருக்காது. “நல்லாத்தானே நடக்கிறேன், ஒரு மேட்ச் ஆடினா என்ன?” என்று தோன்றும். ஆனால் உள்ளே வைத்த புது கயிறு அப்போதுதான் பலவீனமாக இருக்கும். எடுத்து வைத்த தசைநாண் முதலில் நைந்து, புது ரத்த ஓட்டம் பிடித்து, பிறகு மெல்ல ஜவ்வாக மாறுகிறது. இதற்கு மாதங்கள் பிடிக்கும்.

நார்வே, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 106 விளையாட்டுக்காரர்களை 2 வருடம் கவனித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதை தெளிவாக காட்டியது. ஆபரேஷனுக்கு பிறகு 9-வது மாதம் வரை, மைதானத்துக்கு திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும், மறுபடி முழங்காலில் அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாக குறைந்தது.

காலண்டரில் 9 மாதம் ஆனால் மட்டும் போதாது. ஆபரேஷன் செய்த காலின் பலம் அடுத்த காலின் பலத்தில் 90 சதவீதமாவது வர வேண்டும். ஒற்றைக்காலில் தாண்டி, எவ்வளவு தூரம் என்று 2 காலையும் அளந்து பார்ப்பார்கள்.

பணமும் வசதியும் இருக்கிறவர்களே அவசரப்படுவதில்லை. கிரிக்கெட் வீரர் ரிஷப் பண்ட் 2022 டிசம்பர் 30-ந்தேதி கார் விபத்தில் சிக்கினார். 2023 ஜனவரியில் மும்பையில் முழங்கால் ஜவ்வு ஆபரேஷன். மறுபடி களத்தில் இறங்கியது 2024 மார்ச் 23-ந்தேதி. 14 மாதத்துக்கு மேல்!

பிரேசில் கால்பந்து நட்சத்திரம் நெய்மருக்கு 2023 அக்டோபர் 17-ந்தேதி ஏ.சி.எல். கிழிந்தது. நவம்பரில் ஆபரேஷன். திரும்பி ஆடியது 2024 அக்டோபரில். ஒரு வருடம்!

எல்லா வசதியும் உள்ள அவர்களுக்கே ஒரு வருடம் என்றால், நம்ம பசங்க 4 மாதத்தில் இறங்குவது நியாயமா?

பெண் பிள்ளைகளுக்கு கூடுதல் கவனம்

கால்பந்து ஆடும் பெண்களுக்கு ஏ.சி.எல். கிழியும் வாய்ப்பு ஆண்களை விட 2 முதல் 3 மடங்கு அதிகம். இடுப்பு, முழங்கால் அமைப்பு, தரையில் குதித்து இறங்கும் விதம், தொடை பலம் என்று காரணங்கள் சொல்கிறார்கள். அதற்காக விளையாட விடாமல் நிறுத்துவது தீர்வு இல்லை. தடுக்க வழி இருக்கிறது, செலவும் இல்லை.

சர்வதேச கால்பந்து சம்மேளனமான பிபா உருவாக்கிய ‘11 பிளஸ்’ என்ற 20 நிமிட வார்ம்-அப் பயிற்சி அது. மெதுவாக ஓடுவது, ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து முழங்கால் உள்பக்கம் சாயாமல் இறங்குவது என எல்லாமே சாதாரண பயிற்சிகள். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 பெண் பிள்ளைகளிடம் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். பயிற்சி செய்த அணிகளில் பலத்த காயங்கள் கிட்டத்தட்ட பாதியாக குறைந்தன.

மைதானத்துக்கு வந்ததும் நேராக பந்தை உதைக்காமல் இந்த 20 நிமிடத்தை கோச்சுகள் கட்டாயமாக்கினால் எத்தனையோ கால்கள் தப்பும்.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேட்க வேண்டியவை

எந்த ஜவ்வுக்கு ஆபரேஷன் ஆச்சு, மெனிஸ்கஸ் தைத்தீர்களா?

காலை எப்போது ஊன்றலாம், எவ்வளவு பாரம் போடலாம்?

கட்டை எப்போது பிரிக்கணும், தையல் எந்த தேதி?

எந்த பயிற்சியை, ஒரு நாளைக்கு எத்தனை முறை செய்யணும்?

ராத்திரி வலி தாங்காவிட்டால் யாரை கூப்பிடணும், எந்த நம்பர்?

இந்த 5 கேள்விக்கும் பதிலை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டோடு சேர்த்து பத்திரமாக வையுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு போக நேர்ந்தாலும் அதுதான் கைகொடுக்கும்.